பரிசுக்கு வாங்கிய சக்குலெண்ட் செடிகளில் சாயமும் பசையும்: ஓர் எச்சரிக்கை

கடந்த ஐப்பசியில் என் மகளுக்கு ஏழாம் மாத வளைகாப்பு நடத்தினோம். வருகிறவர்களுக்குத் தாம்பூலத்துடன் என் கையால் செய்த ஒரு பொருளைக் கொடுக்க வேண்டும் என்று விரும்பியதால், இரண்டு மாதங்களாகச் சேர்த்த அறுபது கொட்டாங்கச்சிகளை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய் பூசி, வெளிப்புறத்தில் வெள்ளைக் கோலம் வரைந்து, ஒவ்வொன்றிலும் இலையிலோ தண்டிலோ நீரைச் சேர்த்து வைக்கும் சக்குலெண்ட் வகைச் சிறு செடி ஒன்றை நட்டுக் கொடுப்பதென்று தீர்மானித்தேன். இதற்குக் கண் உள்ள பாதியைத்தான் எடுக்க வேண்டும். மூன்று கண்களில் ஒன்று மென்மையாக இருப்பதால், அதைக் குத்தித் திறந்தால் நீர் வடியும் துளை தானாகவே கிடைத்துவிடும். உருண்டு விழாமல் நிற்பதற்குத் தேங்காய் நார்க்கயிற்றில் சிறு புரிமணைகளையும் முறுக்கி வைத்தேன். அந்த வேலையில் எனக்குக் குறை ஏதும் நேரவில்லை. செடிகளில்தான் ஏமாந்தேன்.

சமூக வலைத்தளப் பக்கம் ஒன்றின் வழியாக விற்பவரிடம் அறுபது செடிகளுக்குச் சொல்லி, ஒன்று 85 ரூபாய் வீதம் 5,100 ரூபாயும் அனுப்பும் செலவு 450 ரூபாயும் முழுவதுமாக முன்பணமாகச் செலுத்தினேன். ரோஜா வடிவ எச்சவேரியா இருபத்தைந்து, பூத்த குட்டிக் கள்ளிகள் பத்து, சிவப்புத் தலையுடைய ‘மூன் கேக்டஸ்’ பத்து, ஜேட் பதினைந்து என்பது கணக்கு. எச்சவேரியாக்களில் பாதிக்கு மேல் நீலமும் ஊதாவுமாக இருந்த படங்களைப் பார்த்துவிட்டு, அது இயற்கையான நிறமா என்று கேட்டேன். “இயற்கையான நிறம்தான் மேடம், வெயில் பட்டால் இன்னும் கூடும்” என்று பதில் வந்தது.

விழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது பெட்டி வந்தது. கடலூரில் அப்போது அடைமழை. செடிகளை மண்ணில் வைத்து லேசாக நீர் தெளித்தவுடன் என் விரல்களில் நீலம் ஒட்டியது. ஈரப்பஞ்சால் ஓர் இலையைத் துடைத்தேன். அடியில் சாதாரணப் பச்சை இருந்தது. பதினைந்து செடிகளுக்கு இப்படிச் சாயம் அடித்திருந்தார்கள். இது அழகைப் பற்றிய புகார் மட்டுமன்று. இந்தச் செடிகள் பகல் வெப்பத்தில் நீர் இழக்காமல் இருக்க இலைத்துளைகளை இரவில் திறந்துதான் காற்றை உள்ளே வாங்குகின்றன; சாயப் பூச்சு அந்தத் துளைகளையும் அடைத்து, இலைக்கு வர வேண்டிய வெளிச்சத்தையும் தடுத்துவிடுவதால், செடி மெல்ல மெல்லப் பட்டினியில் சாகிறது. வாங்கிய இரண்டாம் வாரம் வரை எதுவும் தெரியாது என்பதுதான் விற்பவருக்குச் சாதகம்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்து வந்தது. ஓர் எச்சவேரியாவை மெதுவாகத் தூக்கியபோது எந்தப் பிடிப்பும் இல்லாமல் கையோடு வந்துவிட்டது. இருபத்தைந்திலும் வேர் என்று ஒன்றுமே இல்லை. தாய்ச் செடியிலிருந்து நறுக்கிய தண்டுகளை, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும்வரை சில நாள் நிழலில் வைக்காமல், அப்படியே ஈரமான தென்னை நார்க்கழிவில் செருகி அனுப்பியிருந்தார்கள். மூன்று நாள் இருட்டுப் பெட்டியில் பயணம் செய்ததில் பெரும்பாலானவற்றின் அடித்தண்டு கறுத்துக் கூழாகியிருந்தது.

கள்ளிகளைப் பற்றி எழுதும்போது இன்னும் மனம் பொறுக்கவில்லை. ஒவ்வொன்றின் உச்சியிலும் மஞ்சள், இளஞ்சிவப்பு நிறங்களில் காகிதம் போன்ற பூக்கள் இருந்தன. மழை ஈரத்தில் அவை குவிந்துகொண்டதையும், விளக்கின் அருகே வைத்தபோது மீண்டும் விரிந்ததையும் பார்த்து, உயிருள்ள பூக்கள் என்றே நம்பினேன். என் தங்கை ஒன்றை நிமிண்டிப் பார்த்தபோது அடியில் சூட்டுப்பசை உருண்டையாக ஒட்டியிருந்தது தெரிந்தது. அவை வைக்கோல் பூ எனப்படும் உலர்பூக்கள். காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் குவியும், உலர்ந்தால் விரியும் தன்மை அவற்றின் இதழ்களுக்கு உண்டு. சுடச்சுடப் பசையைக் கள்ளியின் வளர்நுனியிலேயே ஊற்றியிருந்ததால் பூவைப் பிய்த்தபோது தோலும் சேர்ந்து கிழிந்தது. உண்மையான கள்ளிப்பூ முள் தோன்றும் மெத்தை போன்ற புள்ளியிலிருந்து மொட்டாகக் கிளம்பும், பெரும்பாலும் சில நாட்களில் வாடிவிடும். மாதக்கணக்கில் ‘பூத்திருக்கும்’ குட்டிக் கள்ளியைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன் கேக்டஸ் போலியன்று. சிவப்பு, மஞ்சள் நிறமுள்ள அந்தத் தலையில் பச்சையம் இல்லாததால் தனியாக வாழ முடியாது. டிராகன் பழக்கொடியின் தண்டில் ஒட்டுக் கட்டித்தான் வளர்க்கிறார்கள். இரண்டும் ஒரே வேகத்தில் வளராததால் சில ஆண்டுகளில் ஒட்டு விட்டுப்போவது வழக்கம். இதைச் சொல்லி விற்றிருந்தால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ‘தலைமுறை தலைமுறையாக வாழும்’ என்று எழுதி விற்றார்கள். ஜேட் என்று அனுப்பியதும் உண்மையான ஜேட் செடியாகிய கிராசுலா அன்று, அதைப் போலவே தோன்றும் போர்ட்டுலகேரியா என்னும் வேறொரு செடி. அது நம் வெயிலை நன்றாகத் தாங்கும் செடி என்பதாலும், பதினைந்திலும் நல்ல வேர் இருந்ததாலும் அதை நான் குறையாகக் கொள்ளவில்லை.

படங்களை அனுப்பிக் கேட்டபோது, செடி உயிருள்ள பொருள் என்பதால் திரும்பப் பெற இயலாது என்றார்கள். சாயத்தைப் பற்றிக் கேட்டதற்கு, எல்லோரும் இப்படித்தான் விற்கிறார்கள் என்று பதில் வந்தது. மறுநாள் என் எண்ணை முடக்கிவிட்டார்கள்.

சம்பந்தி வீட்டார் வரும் நாளில் அழுகிய செடியைக் கொடுக்க எனக்குத் துணிவில்லை. பதினைந்து போர்ட்டுலகேரியாவை அப்படியே நட்டேன். மற்ற நாற்பத்தைந்து கொட்டாங்கச்சிகளுக்கு, பக்கத்து வீட்டு அக்கா தம் மாடியிலிருந்த பத்துமணிப்பூக் கொடியை அள்ளிக் கொடுத்தார். எங்கள் கொல்லையிலிருந்த ரணகள்ளியின் இலை விளிம்புகளில் அரும்பியிருந்த குட்டிகளையும் எடுத்துக்கொண்டேன். இரண்டுமே இலையிலும் தண்டிலும் நீரைச் சேர்த்து வைக்கும் செடிகள்தாம். வேர் பிடிக்கப் பத்து நாளாவது ஆகும் என்பதை ஒவ்வொன்றுடனும் ஓர் அட்டையில் எழுதிக் கட்டினேன்.

கைவினைப் பரிசுக்காகச் செடி வாங்க நினைக்கிறவர்களுக்கு நான் பட்டறிந்ததைச் சொல்கிறேன். விழாவுக்குக் குறைந்தது ஆறு வாரம் முன்னதாக ஐந்தே ஐந்து செடிகளை வாங்கிப் பாருங்கள். அவை ஒரு மாதம் நின்றால் மீதியைக் கேளுங்கள். தொட்டியிலிருந்து வெளியே எடுத்து வேரைக் காட்டும் காணொளியை விற்பவரிடம் கேளுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். நிறத்தைப் பொறுத்தவரை, எச்சவேரியாவின் இயற்கையான சிவப்பும் ஊதாவும் பெரும்பாலும் நல்ல வெயிலும் குளிர்ந்த இரவும் கிடைக்கும் இடங்களில் இலை விளிம்பில் தொடங்கி உள்நோக்கி மங்கிச் செல்லும். சாயம் அடித்த இலையில் மேற்புறம் ஒரே சீராக இருக்கும். இலைகளை விலக்கிப் பார்த்தால் அடிப்பகுதியில் பச்சை கோடு போட்டதுபோல் நிற்கும். துடைத்துச் சோதிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சில வகைகளில் இலை மீது இயற்கையாகவே வெண்ணிறப் பொடிப்பூச்சு உண்டு, அது வெயிலிலிருந்து செடியைக் காக்கிறது. கையில் வெண்பொடி ஒட்டினால் பயப்பட வேண்டாம், துடைப்பதை நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று, எச்சவேரியா மெக்சிகோவின் உயர்ந்த நிலங்களிலிருந்து வந்த செடி. ஊட்டியிலும் பெங்களூரிலும் அது படத்தில் உள்ளதுபோல் நிற்கும். எங்களைப் போன்ற கடலோர ஊர்களில் இரவும் புழுக்கமாக இருப்பதால் அது நெட்டையாக இழுத்துக்கொண்டு போகும் அல்லது அழுகும். பரிசாகப் பெறுகிறவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதைப் பார்த்து, ஹவோர்த்தியா, போர்ட்டுலகேரியா, கற்றாழை போன்றவற்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மூடிய கண்ணாடிக் குடுவையில் இவற்றை வைத்துத் தருவதாகச் சொல்கிறவர்களிடம் வாங்கவே வேண்டாம்; உள்ளே தேங்கும் ஈரமே கொன்றுவிடும்.

ஏற்கெனவே இப்படிப்பட்ட செடிகள் கையில் இருந்தால், கறுத்த தண்டை வெண்மையான சதை தெரியும்வரை நறுக்கி, ஒரு வாரம் நிழலில் காயவிட்டு, கரடுமுரடான ஆற்றுமணலும் செங்கல் துண்டும் கலந்த மண்ணில் வையுங்கள். நான் இருபத்தைந்தில் நான்கைக் காப்பாற்றினேன். சாயம் அடித்த இலைகளைச் சுரண்டவில்லை, நடுவிலிருந்து வரும் புது இலைகளையே நம்பினேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தேன். இணையவழி விற்பனைக்கான 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி விற்பனைத் தளம் தன் பெயரையும் முகவரியையும் வெளியிட வேண்டும். புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாக ஒப்புதல் தர வேண்டும். அந்தப் பக்கத்தில் முகவரியே இல்லை, பணம் செலுத்தும் முன் நானும் பார்க்கவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம். ஆனால் எதிர்த்தரப்பின் முகவரி வேண்டும். அது பெட்டியின் மேல் ஒட்டியிருந்த கூரியர் சீட்டில் இருந்திருக்கும். நான் பெட்டியை அன்றே குப்பையில் போட்டுவிட்டேன். நீங்கள் பிரிப்பதற்கு முன்பே அந்தச் சீட்டைப் படம் எடுத்து, செடிகள் நன்றாக வேர் பிடிக்கும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.