"உங்க கோட்ல தான் பிரச்சனை"ன்னு சொல்லி காசு புடுங்குற ஹோஸ்டிங் பார்ட்டி, உஷாரா இருங்க

லாரவெல் மாதிரி பிஎச்பி ஃபிரேம்வொர்க்ல சைட் பண்ற நண்பர்களே, குறிப்பா இப்போ தான் ஃப்ரீலான்ஸ் ஆரம்பிச்சிருக்கிற தம்பி தங்கச்சிங்க, இதைப் படிச்சிட்டு அப்புறம் ஹோஸ்டிங்குக்கு காசு கட்டுங்க. புகார் குடுத்திருக்கேன், அது முடியுற வரைக்கும் பேர் போடல.

ஒரு ஜவுளிக்கடைக்கு சைட். கடைக்காரர் ஏற்கனவே, ஹோஸ்டிங் இடத்தை வாங்கி மறுபடி விக்கிற ஒரு ரீசெல்லர்கிட்ட ஒரு வருஷ காசை மொத்தமா கட்டி வச்சிருந்தார். ஒரே உபுண்டு (லினக்ஸ்) சர்வர், ஆளுக்கொரு யூசர் அக்கவுண்ட், ஐபி அட்ரஸ் போட்டு ஸ்லாஷ், டில்டே (~), யூசர் பேர், இது தான் நம்ம சைட்டோட அட்ரஸ். "டொமைன் அப்புறம் மாத்திக்கலாம், எல்லா ஃபிரேம்வொர்க்கும் ஓடும் சார்"னு வாட்ஸப்ல எழுதியே குடுத்திருக்காங்க.

ஏத்தி முடிச்சு திறந்தா பக்கம் வரல, இண்டெக்ஸ் ஃபைல் அப்படியே டவுன்லோட் ஆகுது. உபுண்டுல அப்பாச்சியோட (பக்கத்தை அனுப்புற வெப் சர்வர் சாஃப்ட்வேர்) மாட் பிஎச்பி (அதுக்குள்ளயே பிஎச்பியை ஓட்டுற மாட்யூல்) போட்டா யூசர் டைரக்டரிக்குள்ள (ஒவ்வொரு யூசரோட ஃபோல்டர்) பிஎச்பி ஓடாத மாதிரி தான் டீஃபால்ட் செட்டிங் வரும், அதை ரூட், அதாவது சர்வரோட முழு அதிகாரம், வச்சிருக்கிறவங்க தான் மாத்தணும், நம்மளால முடியாது. அதுக்கே இன்ஸ்டலேஷன் சார்ஜ்னு தனியா கேட்டாங்க, கடை திறப்பு நாள் நெருங்குதேன்னு கடைக்காரர் கட்டிட்டார் பாவம்.

அடுத்து 500, சர்வர்லயே எரர்னு அர்த்தம். எரர் லாக் குடுங்கன்னா குடுக்கல, விடாம கேட்டு வாங்கிப் பார்த்தா ஒரே ஒரு வரி, "ஆப்ஷன்ஸ் நாட் அலவ்ட் ஹியர்". லாரவெல் கூடவே வர்ற ஹெச்டிஅக்செஸ் ஃபைல்ல (அந்த ஃபோல்டருக்கு மட்டும் அப்பாச்சிக்கு சொல்ற செட்டிங்) மல்டிவியூஸை (பேர் பாதி குடுத்தாலும் ஃபைலை தேடி எடுக்கிற வசதி) ஆஃப் பண்ண ஒரு ஆப்ஷன்ஸ் வரி இருக்கு, ஆனா உபுண்டுவோட யூசர்டிர் (யூசர் டைரக்டரி) கான்ஃபிக்ல, ஹெச்டிஅக்செஸ்ல எதெல்லாம் மாத்தலாம்னு சொல்ற அலவ்ஓவர்ரைட் வரியில ஃபைல்இன்ஃபோ, ஆத்கான்ஃபிக், லிமிட், இண்டெக்சஸ் இந்த நாலு தான் இருக்கும், அஞ்சாவதா ஆப்ஷன்ஸும் சேர்த்துட்டு அப்பாச்சியை ரீலோட் பண்ணா வேலை முடிஞ்சது. இதை நானே சப்போர்ட் டிக்கெட்ல தெளிவா எழுதிக் குடுத்தேன்.

அவங்க என்ன பண்ணாங்க தெரியுமா, ஹெச்டிஅக்செஸ் ஃபைலையே சர்வர் படிக்காத மாதிரி மொத்தமா நிறுத்திட்டாங்க. 500 போயிடுச்சு, முதல் பக்கம் வந்துடுச்சு, "ரிசால்வ்ட்"னு டிக்கெட்டை மூடிட்டாங்க. புடவை பக்கத்தை அமுக்கினா 404, பக்கமே இல்லன்னு வருது, ஏன்னா எல்லா அட்ரஸையும் லாரவெலோட இண்டெக்ஸ் ஃபைலுக்கு திருப்புற ரீரைட் விதி அந்த ஹெச்டிஅக்செஸ்ல தான் இருக்கு. கேட்டா "ரௌட்டிங் உங்க கோட்ல தப்பு, ரீரைட் வேணும்னா பிரீமியம் பிளான் எடுங்க"ன்றாங்க.

இங்க தான் எல்லாரும் ஏமாறுறோம், அதனால கவனமா கேளுங்க. வர்ற 404 லாரவெலோட பக்கமா, இல்ல அப்பாச்சியோட வெறும் வெள்ளைப் பக்கமான்னு முதல்ல பாருங்க, அப்பாச்சியோடதுன்னா ரிக்வெஸ்ட் உங்க கோட் வரைக்கும் வரவே இல்ல. அடுத்து ஹெச்டிஅக்செஸ் ஃபைலோட முதல் வரியில வாய்க்கு வந்ததை டைப் பண்ணி சேவ் பண்ணுங்க. 500 வந்தா சர்வர் அந்த ஃபைலை படிக்குது, சைட் எதுவுமே நடக்காத மாதிரி திறந்தா படிக்கல. எனக்கு ஜம்முன்னு திறந்துச்சு, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன், பதிலே இல்ல. இன்னொன்னு, ஃபைலை படிச்சும் 404 வந்தா அந்த திருப்புற வேலையைப் பண்ற மாட் ரீரைட் மாட்யூலே ஆன் பண்ணாம இருக்கலாம், லாரவெல் ஃபைல் முழுக்க இஃப்மாட்யூலுக்குள்ள (மாட்யூல் இருந்தா மட்டும் படின்னு சொல்றது) இருக்கிறதால எரர் கூட காட்டாது. அப்பாச்சி 2.4.16க்கு முந்தினதா இருந்தா அதே ஃபைல்ல ரீரைட்பேஸ்ங்கிற வரியில டில்டேயோட முழு பாதையும் குடுக்கணும்.

கடைக்காரர் பிரீமியமும் கட்டிட்டார். அதுக்கு அப்புறம் நடந்தது தான் என்னால மன்னிக்கவே முடியாதது. அவங்க ஆள் உள்ள வந்து ப்ராஜெக்ட் மொத்தத்தையும் வெளிய தெரியுற பப்ளிக் ஹெச்டிஎம்எல் ஃபோல்டருக்குள்ள கொட்டி எல்லாத்துக்கும் 777 பர்மிஷன் (யார் வேணா படிக்கலாம், மாத்தலாம், ஓட்டலாம்) குடுத்துட்டு போயிட்டான். பிரவுசர்ல அட்ரஸுக்கு பின்னாடி டாட் என்வ்னு (ரகசிய செட்டிங் எல்லாம் இருக்கிற ஃபைல்) அடிச்சா டேட்டாபேஸ் பாஸ்வேர்ட், மெயில் பாஸ்வேர்ட், ஆப் கீ (சைட்டோட என்க்ரிப்ஷன் சாவி) எல்லாம் பட்டவர்த்தனமா தெரியுது. டாட் ஹெச்டின்னு ஆரம்பிக்கிற ஃபைலை மட்டும் தான் அப்பாச்சி தானா மறைக்கும், என்வ் ஃபைலை மறைக்காது. கஸ்டமர்ங்க ஃபோன் நம்பர், வீட்டு அட்ரஸ் இருக்கிற டேட்டாபேஸ்ங்க அது!

உடனே எல்லா பாஸ்வேர்டையும் கீயையும் மாத்திட்டு வேற சர்வருக்கு தூக்கிட்டோம், தனி விர்ச்சுவல் ஹோஸ்ட் (நம்ம சைட்டுக்குன்னே தனி செட்டிங்), டாக்குமெண்ட் ரூட் (வெளிய காட்டுற ஃபோல்டர்) நேரா லாரவெலோட பப்ளிக் ஃபோல்டருக்கு, அதே கோட் ஒரு வரி மாத்தாம ஓடுது. பணம் இன்னும் திரும்பி வரல. வாட்ஸப் சாட், டிக்கெட், பேமெண்ட் ரசீது எல்லாம் சேர்த்து 1915 கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்ல புகார் போட்டாச்சு, இதே மாதிரி யாராவது மாட்டியிருந்தா உங்க டிக்கெட்டையெல்லாம் அழிக்காம வச்சிருங்க, எனக்கு மெசேஜ் பண்ணுங்க.