நொண்டுற கிரேஹவுண்டக் கூட்டிட்டு எங்க போறது? இந்த கிளினிக்குக்கு என் மார்க் 5க்கு 4

மொதல்லயே சொல்லிடுறேன், பார்க்கிங் மோசம், சனிக்கிழமை போனா எக்ஸ்ட்ரா சார்ஜ், ரிசப்ஷன் டைல்ஸ் வழுக்கும். கிரேஹவுண்டுக்கு, அதான் ரேஸ் ஓடுற அந்த ஒல்லி நாய்க்கு, வழுக்குற தரைன்னாலே ஆகாது, எங்க நாய் வாசல்லயே நாலு காலையும் அகட்டி நின்னுட்டான், நர்ஸ் வந்து யோகா மேட் விரிச்சாத்தான் உள்ள வந்தான். அதுக்குத்தான் ஒரு ஸ்டார் கொறச்சேன். மத்தபடி மெல்போர்ன்ல வெர்ரிபீ, டார்னீட் பக்கம் இருந்துட்டு வீட்ல கிரேஹவுண்ட் வச்சிருக்கவங்க தாராளமா இங்க போலாம். ஏன்னு கேட்டா கொஞ்சம் நீளமான கதை.

எங்க வீட்டுப் பையன் பேரு கருப்பன். வயசு 6, வெயிட்டு 33 கிலோ, ரேஸ் ஓடி ரிட்டயர் ஆனவன், காதுக்குள்ள பச்சை குத்துன அடையாளம் இன்னும் இருக்கு. மூணு வருஷமா எங்ககிட்ட இருக்கான், பாதி நாளு சோபாவுலதான் கெடப்பான். போன ஜூன்ல, இங்க அப்ப நல்ல குளிரு, காலைல வாக்கிங் கெளம்புனா இடது முன்னங்கால ஊனுறப்பல்லாம் தலைய வெடுக்குன்னு மேல தூக்குறான். பார்க்குக்குப் போய் புல்லுல எறங்குனதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி குதிக்கிறான். திரும்பி வந்தா எங்க வீட்டு வாசல்ல கார் நிறுத்துற டிரைவ்வே இருக்கே, சின்னச் சின்ன கூழாங்கல்லு தெரியுற மாதிரி போட்ட கான்கிரீட்டு, அதுல கால வச்சதும் மறுபடி நொண்டல். விடையே அங்கதான் இருந்துருக்கு, எனக்குத்தான் அப்பப் புரியல.

மொதல்ல போனது வேற ஒரு கிளினிக், பேரு வேணாம். மொத்தம் பத்து நிமிஷம், தோள்பட்டைய மடக்கி நீட்டிப் பாத்தாங்க, சுளுக்குன்னு சொல்லி வலிக்கு ஒரு சிரப்பு குடுத்து ரெண்டு வாரம் ரெஸ்ட்டுன்னாங்க. ரெஸ்ட்டா, அவன் என்னமோ மூட்டை தூக்கப் போற மாதிரி. ரெண்டு வாரம் கழிச்சும் அப்படியேதான் இருந்துச்சு, மறுபடி போனா அதே சிரப்பு, இன்னும் ரெண்டு வாரம்.

அப்பதான் செய்யக்கூடாத வேலையச் செஞ்சேன், ராத்திரி பன்னெண்டு மணிக்கு போன எடுத்து கிரேஹவுண்ட் நொண்டல்னு தேடுனேன். ஆஸ்டியோசார்கோமான்னு வந்துச்சு, எலும்பு கேன்சர். இந்த ஜாதி நாய்ங்களுக்கு மத்த நாய்ங்களவிட அதிகமா வரும், முன்னங்கால்னா பெரும்பாலும் மணிக்கட்டுக்கு மேலயோ தோள்பட்டைக்கிட்டயோ வரும், ஆரம்பத்துல வெறும் நொண்டல்தான் தெரியும், காலையே எடுக்க வேண்டி வரும், எடுத்தாலும் நெறைய நாய்க்கு அதுக்குள்ள நுரையீரலுக்குப் பரவியிருக்கும். அதுக்கப்புறம் எங்க தூங்குறது. அம்மாவோட தையல் டேப்ப எடுத்துட்டுப் போய் தூங்குறவன் முன்னங்கால் ரெண்டையும் மணிக்கட்டுக்கு மேல அளப்பேன். ஒரு நாள் இடது கால் அரை சென்டிமீட்டர் கூட இருந்துச்சு, உசுரே போயிருச்சு. மறுநாள் அளந்தா வலது கால் கூட இருக்கு. அவன் பாட்டுக்கு நாலு காலையும் ஆகாசத்தப் பாத்து நீட்டிட்டு கொறட்ட விடுறான்.

அம்மா ஊர்லருந்து விசிட்டர் விசால வந்துருந்தாங்க. அவங்களுக்கு கோவில்பட்டி பக்கம், தாத்தா வீட்ல சிப்பிப்பாறை நாய் வளத்தவங்க. "வேட்ட நாயி நொண்டுனா மொதல்ல பாதத்தத் திருப்பிப் பாருடா, முள்ளு ஏறிருக்கும்"னு சொன்னாங்க. "இங்க ஏதும்மா கருவேல முள்ளு"ன்னுட்டு நான் டேப்போட போயிட்டேன். இத அவங்க இன்னும் சொல்லிக்காட்டிட்டு இருக்காங்க, அது வேற விஷயம்.

இந்த கிளினிக்கப் பத்தி சொன்னது பார்க்ல பாக்குற ஒரு லேடி, அவங்க வீட்லயும் ரெண்டு கிரேஹவுண்ட். போன அன்னைக்கு டாக்டர் எங்கள ரூமுக்குள்ள கூப்பிடவே இல்ல, அவங்களே பார்க்கிங்குக்கு வந்துட்டாங்க. சிமென்ட் தரைல நடக்க விடுன்னாங்க, அப்புறம் ஓரமா இருந்த புல்லுல நடக்க விடுன்னாங்க, மறுபடி சிமென்ட்டு. ரேஸ்ல அடிபட்டிருக்கானான்னு கேட்டாங்க. ட்ராக்ல எப்பவும் இடது பக்கமாவே திரும்பி ஓடுறதால ரேஸ் நாய்ங்களுக்கு வலது பின்னங்கால் ஹாக், அதாவது கணுக்கால் எலும்புதான் அடிக்கடி உடையுமாம், இவன் முன்னங்கால நொண்டுறான், அதனால அது இல்லன்னாங்க. அதுக்கப்புறம்தான் உள்ள கூட்டிட்டுப் போய், மணிக்கட்டையும் தோளையும் தொடுறதுக்கு முன்னாடி, பாதத்தத் திருப்புனாங்க.

ஈரப் பஞ்ச வச்சு ஒவ்வொரு விரல் மெத்தையையும் தொடச்சு டார்ச் அடிச்சுப் பாத்தாங்க. நடு விரல் ரெண்டுல ஒண்ணுல, கறுப்புத் தோலுக்கு நடுவுல, மிளகு சைஸ்ல வெளுப்பா ஒரு வட்டம். நான் நூறு தடவ அந்தப் பாதத்தத் தொடச்சு விட்டிருக்கேன், காஞ்சு இருக்கறப்ப கண்ணுக்கே தெரியாது. அத ரெண்டு பக்கமும் பிடிச்சு கிள்ளுனதும் காலப் படக்குன்னு இழுத்துக்கிட்டான். கார்ன்னு சொன்னாங்க. நம்ம ஊர் கால் ஆணியேதான். மத்த ஜாதி நாய்ங்களுக்கு அபூர்வமாம், கிரேஹவுண்டுக்கு சர்வ சாதாரணமாம். கல்லுமேல மிதிச்சா குத்தும், புல்லுல குத்தாது.

எனக்குப் பிடிச்சது அதுக்கப்புறம் அவங்க செஞ்சது. "ஆணி இருக்குங்கறதுக்காக எலும்புல ஒண்ணும் இல்லன்னு ஆயிடாது, வயசும் ஆறாச்சு, எக்ஸ்ரே எடுத்துரலாம்"னாங்க. அதுக்கு மயக்கம் குடுக்கணும். கிரேஹவுண்ட் உடம்புல கொழுப்பு கம்மி, சில மயக்க மருந்துலருந்து முழிக்க ரொம்ப நேரமாகும், எத குடுக்கப் போறோம்னு நான் கேக்காமலே சொன்னாங்க. ரத்த டெஸ்ட் ரிப்போர்ட்ல சிவப்பணு அதிகம், பிளேட்லெட் கம்மின்னு காட்டுச்சு, நான் வெலவெலத்துப் போயிட்டேன், இந்த ஜாதிக்கு அதுதான் நார்மல்னு சொல்லி சிரிச்சாங்க. எக்ஸ்ரேவ ஸ்க்ரீன்ல போட்டு மணிக்கட்டு, தோள்னு ஒவ்வொண்ணா காட்டுனாங்க. எலும்பு ஓரமெல்லாம் பேனாவால வரஞ்ச மாதிரி சுத்தமா இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரிதான் டேப் திரும்ப தையல் டப்பாக்குள்ள போச்சு.

கன்சல்டேஷன் 110 டாலர், எக்ஸ்ரே, மயக்கம், ரத்த டெஸ்ட் எல்லாம் சேத்து 780. சல்லிசு இல்ல. ஆனா பழைய எடத்துல ரெண்டு தடவ குடுத்த காசையும் சிரப்புக் காசையும் கூட்டிப் பாத்தா வயிறு எரியுறது அங்கதான்.

ஆணிய எடுக்குறது பெரிய வேலையே இல்ல. பல்லு புடுங்குறப்ப யூஸ் பண்ற கூர் கரண்டி மாதிரி ஒண்ண வச்சு சுத்தி நோண்டி வேரோட கழட்டிட்டாங்க. ரத்தம் வரல, அவனும் கத்தல, நர்ஸ் குடுத்த பீனட் பட்டர நக்கிட்டு நின்னான். வெளிய வந்து அதே சிமென்ட்டுல நேரா நடந்தான். அம்மா வீட்ல "ஆணியா, நாய்க்குமா"ன்னு கேட்டுட்டு ஊர்லருந்து கொண்டு வந்த கார்ன் கேப் பாக்கெட்ட எடுத்து நீட்டுனாங்க. கிளினிக்குக்கு போன் பண்ணி கேட்டேன், வேணாம்னுட்டாங்க, அதுல இருக்குறது சாலிசிலிக் ஆசிட், நாய் நக்கி வயித்துக்குள்ள போயிரும். மனுசங்க போடுற வலி மாத்திரையும் கூடாது, ஐபுப்ரோஃபென்லாம் நாய்க்கு வெஷம்.

இன்னொரு குறை, ஆனா அது கிளினிக்கோட தப்பு இல்ல. ஆணி திரும்ப வரும்னு மொதல்லயே சொன்னாங்க, சரியா அஞ்சாவது வாரம் வந்துருச்சு. இப்ப வாக்கிங்குக்கு மட்டும் மெத்து மெத்துன்னு அடி இருக்குற பூட்ஸ் போடுறோம், மொத நாளு அதப் போட்டுட்டு கொக்கு மாதிரி கால தூக்கித் தூக்கி நடந்தத வீடியோ எடுத்து வச்சிருக்கேன். அடிக்கடி வந்துச்சுன்னா அந்த விரலுக்குப் போற தசைநாண வெட்டி விட்டு மெத்தை மேல விழுற பாரத்தக் கொறைக்குற ஆபரேஷன் ஒண்ணு இருக்காம், அதுக்கு ஸ்பெஷலிஸ்ட்டுக்கு எழுதித் தர்றேன்னாங்க, அவசரப்படுத்தல. நாங்க இன்னும் முடிவு பண்ணல.

போறவங்களுக்கு ஒண்ணு, புக் பண்றப்பவே கிரேஹவுண்ட், நொண்டுறான்னு சொல்லி அரை மணி நேர ஸ்லாட்டா கேளுங்க, கால் மணி நேரம் பத்தாது. செவ்வாய்க்கிழமை காலைல கூட்டம் கம்மி, பின்பக்கக் கதவு வழியா வந்தா டைல்ஸும் இல்ல, பூனைங்களும் இல்ல.