உயர்தர மாணவருக்குப் பியானோப் படைப்பு தேட ஐ.எம்.எஸ்.எல்.பி. நூலகம் எவ்வளவு பயன்படும்?

திருகோணமலையில் பியானோ கற்பிப்பவர்களுக்கு நன்கு பழக்கமான மாணவர் வகை ஒன்று உண்டு. பியானோப் பரீட்சையின் எட்டாம் கிரேட்டைத் திறமையாக முடித்துவிட்டு, பல்கலைக்கழக நுழைவுக்கான உயர்தர வகுப்பில் காலடி வைத்ததும், பாடசாலை விட்டால் ரியூஷன், ரியூஷன் விட்டால் மீட்டல் என்று நாள் கரைந்துபோக, இரவில் அரை மணித்தியாலம் மட்டும் வாத்தியத்தின் முன் அமரக்கூடியவர் இவர். இப்படிப்பட்ட மாணவர்களுக்கு எதைக் கொடுப்பது என்று தேடும்போது நான் முதலில் திறப்பது ஐ.எம்.எஸ்.எல்.பி. என்ற இலவச இணைய இசைக்குறிப்பு நூலகத்தைத்தான். அந்த ஒரு தேவைக்கு அது எவ்வளவு பயன்படுகிறது என்பதை மட்டுமே இங்கே எடைபோடுகிறேன்.

2006 இல் தொடங்கிய இந்நூலகம், 1501 இல் வெனிஸ் நகரில் இசைநூல் அச்சிட்ட பெத்ரூச்சியின் பெயரையும் தாங்கி நிற்கிறது. பதிப்பகம் ஒன்றின் சட்ட எச்சரிக்கையால் 2007 இல் மூடப்பட்டு மறு ஆண்டே மீண்டும் திறக்கப்பட்டது. காப்புரிமை முடிந்த ஸ்கோர்களை, அதாவது அச்சிட்ட இசைக்குறிப்புகளை, எவரும் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். உறுப்பினரல்லாதவர்கள் சில கோப்புகளுக்குப் பதினைந்து விநாடி காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இலவசம் என்பதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. பியானோ ஸ்கோரைப் புரட்டிப் பார்த்து வாங்கும் வசதி நம் ஊரில் இல்லாததால், கொழும்பிலிருந்து தருவிக்கும் புத்தகத்தைப் பெரும்பாலும் பார்க்காமலேயே வாங்குகிறோம். இங்கே படைப்பின் கடைசிப் பக்கம் வரை முன்கூட்டியே பார்த்துவிடலாம். நேரம் குறைந்த மாணவருக்கு முதற்பக்கத்தைவிடக் கடைசிப் பக்கமே முக்கியம். ஷோப்பானின் முதலாவது பலாட் என்ற நீண்ட பியானோப் படைப்பு ஆரம்பத்தில் அமைதியாகத்தான் நடக்கிறது. ‘பிரெஸ்டோ கொன் ஃபுவோகோ’ (மிக வேகமாக, அனல் பறக்க) என்று குறிக்கப்பட்ட அதன் முடிவுப் பகுதியைப் பார்த்த பிறகுதான், அரை மணித்தியாலக்காரருக்கு அது இப்போதைக்கு வேண்டாம் என்பது தெளிவாகும்.

படைப்பின் பக்கத்தில் தொனி, இயற்றிய ஆண்டு, பகுதிகள் ஆகியவற்றுடன் சராசரி வாசிப்பு நேரமும் பல இடங்களில் தரப்பட்டிருக்கிறது. அந்த நேரத்தை நம்பித் தெரிவு செய்யக் கூடாது. ஷோப்பானின் ஓப்பஸ் (படைப்பு எண்) 10 இல் உள்ள இரண்டாவது எட்யூட், அதாவது பயிற்சிப் படைப்பு, ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் வலது கையின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் விரல்களே அரைச்சுர வரிசையைச் சுமப்பதால், அதற்கு மாதக்கணக்கில் அன்றாட உழைப்பு வேண்டும், பரீட்சைக் காலத்தில் இரண்டு வாரம் விட்டாலே கை நழுவிவிடும். பிராம்ஸ் 1893 இல் இயற்றிய ஓப்பஸ் 118 இன் இரண்டாவது இன்டர்மெட்சோ என்ற தனிப் பியானோப் படைப்பு ஆறு நிமிட அளவு நீளமானது. ஆயினும் நம் மாணவருக்கு அதுவே இலகுவில் வசப்படும். அதன் இறுதிப் பகுதி முதற்பகுதியின் மீள்வருகை என்பதால் புதிதாகப் படிக்க வேண்டிய பக்கங்கள் குறைகின்றன. நடுப்பகுதியில் இடது கை மும்மூன்று சுரங்களாக ஓட, வலது கை இரண்டிரண்டாகப் பாடுகிறது. உள்ளே மறைந்திருக்கும் குரல் மேற்குரலுக்கு மறுமொழி சொல்கிறது. அந்த உட்குரலை மட்டும் தனியாக எடுத்து வாசிப்பதே ஓர் இரவுக்குப் போதுமான வேலை. வேகம் அல்ல, காதுதான் இங்கே உழைக்கிறது. அப்படி உழைத்துச் சேர்த்தது இரண்டு வாரம் இடைவெளி விட்டாலும் தங்கியிருக்கும்.

பீத்தோவன் 1824 இல் முடித்த ஓப்பஸ் 126 இன் பகட்டல் என்ற சிறு படைப்புகள் ஆறையும் இதேபோலத் தவணைக்கு ஒன்றாகக் கொடுக்கலாம். அவர் அவற்றை ஒரே தொடராக எண்ணியதால், இறுதியில் மாணவர் கையில் ஒரு முழுப் படைப்பு இருக்கும். நான் ஐந்தாவதிலிருந்து தொடங்கிக் கொடுப்பேன். நான்காவதைக் கடைசிக்கு வைப்பேன்.

நம் ஊர் வாத்தியங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். கடற்காற்றில் கம்பி துருப்பிடிக்கும், மாரியில் விரலால் அழுத்தும் கட்டைகள் ஊதி இறுகும். வீடுகளில் இருக்கும் நிமிர்ந்த வடிவ அப்ரைட் பியானோவில் கட்டை ஏறக்குறைய முழுதாக மேலெழுந்த பிறகே அதே சுரம் மீண்டும் ஒலிக்கும். ஒரே சுரத்தை விடாது தட்டும் ஸ்கார்லாட்டியின் கே. 141 (கே. என்பது அவர் படைப்புகளின் பட்டியல் எண்) சொனாட்டாவைக் கார்த்திகையில் அதில் பழகுவது மாணவருக்கும் வாத்தியத்துக்கும் தண்டனை. அதற்குப் பதிலாக அவருடைய கே. 380 ஐ எடுங்கள்.

நூலகத்தின் குறைகளுக்கு வருகிறேன். கடினத்தன்மையை அது தரப்படுத்துவதில்லை. அந்த வேலை ஆசிரியருடையது. ஒரே படைப்புக்குப் பல பதிப்புகள் வரிசையாக இருக்கும்போது மேலே தெரிவதை இறக்குவது ஆபத்து. பாக்கின் ‘வெல் டெம்பர்ட் கிளேவியர்’ நூலைப் பிற்காலத்தில் செர்னி என்ற பியானோ ஆசிரியர் திருத்தி வெளியிட்ட பதிப்பில் வேகக் குறிகளும் ஒலியளவுக் குறிகளும் நிறைந்திருக்கின்றன. அவை செர்னி சேர்த்தவை என்பதை அறியாத மாணவர் அவற்றைப் பாக்கின் கட்டளையாக எடுத்துக்கொள்வார். ஆகவே 19 ஆம் நூற்றாண்டின் பாக் சங்கப் பதிப்பை இறக்கி, எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று காட்டும் விரலிலக்கங்களை நாமே பென்சிலால் எழுதுவது நல்லது.

காப்புரிமையிலும் கவனம் தேவை. 1963 இல் காலமான இசையமைப்பாளர் புலாங்கின் ஸ்கோர்கள் கனடாவில் உரிமை நீங்கியவை என்பதால் இந்நூலகத்தில் கிடைக்கின்றன. ஆனால் நமது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டம் இசையமைப்பாளரின் மறைவுக்குப் பின் 70 ஆண்டுகள் பாதுகாப்பு அளிப்பதால், இங்கே அவை இன்னும் உரிமைக்கு உட்பட்டவை. ரக்மனினோவ், பார்டோக் இருவரும் அந்த எல்லையைத் தாண்டிவிட்டார்கள்.

அச்சிடும்போது, பழைய பதிப்புகளின் தாள் ஏ4 ஐவிடப் பெரியது என்பதால் எழுத்துகள் சிறுத்துவிடும்; போட்டோக்கொப்பிக் கடையில் வெள்ளை ஓரங்களை வெட்டிப் பெருப்பித்துத் தரச் சொல்லுங்கள். நான்கு பக்கம் வரையானவற்றை ஒரே நீளமாக ஒட்டித் தாங்கியில் விரித்தால், தாள் புரட்டும் தொல்லையும் இல்லை. ஒரு படைப்பு பரீட்சைக்கோ மேடைக்கோ என்று உறுதியான பின்னர், அதற்கு மட்டும் நவீன மூலப்பாடப் பதிப்பை (இசையமைப்பாளர் எழுதியதை மட்டும் தர முயலும் பதிப்பு) பணம் கொடுத்து வாங்கினால் போதும்.