வில்லோ என்று சொல்லி மல்பெரிக் குச்சி அனுப்புகிறார்கள், 7,000 ரூபாய் போச்சு

வீப்பிங் வில்லோ, அதாவது கிளைகள் கீழ்நோக்கித் தொங்கி நீர்க்கரையில் நிற்கிற மரம், அதன் நடவுக் குச்சியை ஆன்லைனில் வாங்க நினைப்பவர்கள் பணம் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 60 குச்சி, ஒன்று 110 ரூபாய், கூரியர் 400. ஆக 7,000 ரூபாய். வந்ததில் ஒன்றுகூட வில்லோ இல்லை. பாதி மல்பெரி, மீதி எந்த மரத்தினது என்றே தெரியாத காய்ந்த சுள்ளி. பட்டுப்புழுவுக்கு இலை பறிக்கிறார்களே, அதே மல்பெரிதான். ஓசூர், உடுமலை பக்கம் கவாத்து முடிந்ததும் தோட்டத்தில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் குச்சி. அதை 110 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள்.

பெயர் போடவில்லை. இன்று போட்டால் நாளை வேறு பெயரில் பக்கம் திறந்துவிடுவார்கள். அரிய மரக்கன்று விற்கிற ஒரு சமூக வலைத்தளப் பக்கம். கடை முகவரி கிடையாது. ஒரு வாட்ஸ்அப் எண், ஒரு கியூஆர் கோடு, அவ்வளவுதான்.

விவரம் தெரியாத ஆள் என்றால் இரண்டு கேள்வியில் பிடித்துவிடலாம். இவர்கள் தொழில் தெரிந்தே ஏமாற்றுகிறார்கள். "இலை உதிர்ந்த பிறகு வெட்டுன குச்சிதான் சார் அனுப்புவோம், இலையோட அனுப்புனா வழியிலேயே வாடிரும்" என்றார் வாட்ஸ்அப்பில் பேசியவர். சரியான பேச்சு. கோத்தகிரி, ஊட்டி, கொடைக்கானல் குளிரில் வில்லோ இலையைக் கொட்டி நிற்கும்போது, மொட்டு விரிவதற்கு முன் வெட்டுவதுதான் முறை. "பென்சில் தடிமன், ஒன்பது அங்குலம், மேல் நுனியில சிவப்பு பெயிண்ட் வச்சிருப்போம், தலைகீழா நட்றாதீங்க" என்றார். அதுவும் சரிதான், தலைகீழாக நட்டால் வளர்ச்சியே கெட்டுவிடும். குட்டைக்கரையில் கிளை தண்ணீரைத் தொடத் தொங்குகிற தாய்மரத்தின் வீடியோவும் வந்தது. இவ்வளவு தெரிந்தவர் மரம் வளர்க்கிற ஆள்தான் என்று நம்பித்தான் 7,000 ரூபாய் முழுதும் முன்கூட்டியே போனது.

பார்சலில் குச்சியின் இரண்டு முனையும் மெழுகில் முக்கியிருந்தது. மேல் முனையில் மெழுகு வைப்பது நல்லது, ஈரம் போகாது. அடிமுனையிலும் வைத்தால் வெட்டுவாயின் நிறம் தெரியாது. அது காய்ந்திருக்கிறதா, பால் வடிகிறதா என்று வாங்குபவர் பார்க்கவே முடியாது. கவாத்துக் கத்தரியால் அடியில் அரை அங்குலம் வெட்டினால் சில குச்சிகளில் வெள்ளையாகப் பால் கசிந்தது. வில்லோவில் பால் கிடையாது. மல்பெரியில் உண்டு.

பால் வற்றிய குச்சியாக இருந்தால் மொட்டைப் பாருங்கள். வில்லோ மொட்டுக்கு ஒரே ஒரு மூடிதான். தொப்பி போட்டதுபோல் முழுசாக மூடி, குச்சியோடு ஒட்டிப் படுத்திருக்கும். நகத்தால் தள்ளினால் அந்த மூடி மொத்தமாகக் கழன்று வரும். மல்பெரி மொட்டில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பல செதில்கள் இருக்கும். சாதாரண பூதக்கண்ணாடி இருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். உயிர் இருக்கிறதா என்று பார்க்கப் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக ஈரமாக இருந்தால் உயிருள்ளது. பழுப்பாக, வறண்டு, பட்டை சுருங்கியிருந்தால் அடுப்புக்குத்தான். வந்ததில் பாதி அப்படித்தான் இருந்தது.

போட்டோ எடுத்து அனுப்பியதும் பதில் மாறியது. முதலில் "தண்ணி ஊத்துங்க சார், பத்து நாள்ல துளிர்க்கும்". பால் வடிகிற படத்தை அனுப்பினால், "அது வேற வெரைட்டி வில்லோ". பால் வடிகிற வில்லோ வகை எதுவும் கிடையாது. அப்புறம், "பார்சல் பிரிக்கிற வீடியோ இருக்கா? வெட்டாம, எடிட் பண்ணாம முழுசா வேணும்". பிறகு, "48 மணி நேரத்துக்குள்ள சொல்லிருக்கணும், உயிருள்ள செடிக்கு ரிட்டர்ன் கிடையாது". கடைசியில் சொன்னதுதான் தாங்கமுடியவில்லை: "ரூட்டிங் பவுடர் போடாம நட்டா எப்படி சார் வேர் வரும்? 450 ரூபாய்க்கு நம்மகிட்டயே இருக்கு." அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் பிளாக். 7,000 ரூபாயை வாங்கிக்கொண்டு இன்னும் 450 கேட்கிறார்கள்.

ரூட்டிங் பவுடர் என்பது குச்சி வேர் பிடிக்க அடிமுனையில் தடவுகிற பொடி. வில்லோவுக்கு அதுவே தேவையில்லை. வேர் விடுவதற்கான புள்ளிகள் குச்சி மரத்தில் இருக்கும்போதே பட்டைக்கடியில் உருவாகியிருக்கும். மற்ற செடிகளின் குச்சிக்கு வேர் பிடிக்க வில்லோ குச்சியை ஊறவைத்த தண்ணீரை ஊற்றுகிற பழக்கமே உண்டு, அந்தச் சாற்றில் வேரைத் தூண்டுகிற பொருள் இருப்பதால். நல்ல வில்லோ குச்சியை மொட்டு மேல்நோக்கி இருக்கும்படி பக்கெட்டில் நான்கு அங்குலத் தண்ணீரில் நிறுத்தி, இரண்டு மூன்று நாளுக்கொருமுறை தண்ணீர் மாற்றினால் போதும். ஒன்றிரண்டு வாரத்தில் தண்ணீருக்குள் இருக்கும் பட்டை முழுக்க வெள்ளைப் புடைப்புகள் கிளம்பி வேராகும். இரவுக் குளிர் கடுமையாக இருந்தால் சில நாள் கூடலாம். எவ்வளவோ மரங்களில் குச்சி வேர்விடாததற்கு நட்டவர் மேல் பழி போடலாம், வில்லோவில் அது செல்லாது. நிறைய நாள் தண்ணீரில் நின்றும் ஒரு புடைப்புகூட வராவிட்டால் ஒன்று அது செத்த குச்சி, இல்லையேல் அது வில்லோவே இல்லை.

அவர்கள் இலை உதிர்ந்த குச்சியையே விற்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இலையில்லாத பென்சில் குச்சியில் பெரும்பாலானவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. துளிர் விரிந்து, ஒல்லியாக நீண்ட இலைக்குப் பதில் அகலமான மல்பெரி இலை வரும்போது புகார் சொல்லும் கெடு என்றைக்கோ முடிந்திருக்கும். மல்பெரியும் குச்சியிலிருந்து நன்றாகத் துளிர்ப்பதால், பாதிப்பேர் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

நடும் முறையை விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் ஓடவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். குட்டைக்கரையில் நேரடியாக நடுவதென்றால் பென்சில் குச்சி போதாது, கட்டைவிரல் தடிமனில் இரண்டு மூன்று அடிக் கம்பு வேண்டும். கடப்பாரையால் முதலில் குழி போடுங்கள். கம்பையே அடித்து இறக்கினால் பட்டை உரிந்துவிடும். மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகட்டும். சுற்றிலும் மண்ணை மிதித்து இறுக்குங்கள், காற்று இடைவெளி இருந்தால் வேர் காய்ந்துபோகும். முதல் கோடை முழுக்க ஈரம் வேண்டும். நிழலில் தேறாது. வீட்டுச் சுவர், செப்டிக் டேங்க், தண்ணீர்க் குழாய் பக்கம் நடவே நடாதீர்கள். ஈரத்தைத் தேடி வேர் உள்ளே புகுந்துவிடும்.

முழுப் பணமும் முன்கூட்டி அனுப்பாதீர்கள். முதலில் இரண்டு குச்சி மட்டும் வாங்கி மொட்டைப் பாருங்கள். அடிமுனையில் மெழுகு வைக்கக்கூடாது என்று எழுத்தில் கேளுங்கள். கூரியர்காரர் நிற்கும்போதே பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். வில்லோ விதை பாக்கெட் என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள், அந்த விதைக்குச் சாதாரணமாகச் சில நாள், மிஞ்சினால் சில வாரம்தான் உயிர். சமவெளி வெயிலில் வீப்பிங் வில்லோ ஜோராக வளரும் என்பவரையும் நம்பாதீர்கள். ஓடைக்கரை மண்ணைப் பிடிக்கத்தான் தேவை என்றால், மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் தானாக வளர்கிற நம்ம ஆற்றுப்பாலையே வில்லோ இனம்தான், அதுவும் கம்பிலிருந்து வரும். தனியார் நிலத்தில் நிற்கிற மரமாகப் பார்த்து, சொந்தக்காரரைக் கேட்டு ஒரு கிளை வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள், பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு. இந்த 7,000 ரூபாய்க்கும் புகார் பதிவாகியிருக்கிறது. அதே மாதிரி இரண்டு முனையும் மெழுகிட்ட, சிவப்பு பெயிண்ட் வைத்த குச்சி வேறு யாருக்காவது வந்திருந்தால் தூக்கி எறியாதீர்கள். படம் எடுத்து கமெண்டில் போடுங்கள், புகாரோடு சேர்த்துக் கொடுக்கலாம்.