பாண்டாஸ் ரிவ்யூ: கத்துனா அதோட வாயை மூடாதீங்க, ஏன் கத்துதுன்னு பாருங்க

பைத்தான்ல டேட்டா வேலை பாக்குறவங்களுக்கு பாண்டாஸ் லைப்ரரி பத்தி புதுசா சொல்ல ஒண்ணுமில்ல. வெஸ் மெக்கின்னி 2008ல ஆரம்பிச்சது, இன்னிக்கும் டேபிள் டேட்டான்னா மொதல்ல கை போறது இதுக்குத்தான், காசும் கிடையாது. நான் ரிவ்யூ பண்ண வந்தது அது விடுற வார்னிங்கை. எல்லாரும் திட்டுற அந்த விஷயத்துக்குத்தான் நான் அதிகமா மார்க் போடுறேன்.

"டேட்டாஃப்ரேம் இஸ் ஹைலி ஃப்ராக்மென்டட்"னு (அதாவது உங்க டேபிள் துண்டு துண்டா கெடக்குன்னு) செவப்பா ஸ்கிரீன் பூரா கொட்டும் பாத்திருக்கீங்களா? எங்க டீமுக்கு கைமாறி வந்த ஒரு சேல்ஸ் ஸ்கிரிப்ட்ல இதுதான் நடந்துச்சு, நேத்து சேல்ஸ், முந்தாநாள் சேல்ஸ்னு 300 நாள் பின்னாடி வரைக்கும் ஒரு ஃபார் லூப்ல நாளுக்கு ஒரு ஃபீல்டா, அதாவது ஒரு நெடுவரிசையா, டேபிள்ல ஒட்டிட்டே போறாங்க, மேல மொத வரியிலயே வார்னிங்ஸ் இக்னோர்னு, அதாவது எந்த வார்னிங்கையும் காட்டாதேன்னு, போட்டு வச்சிருக்காங்க. லாக் சுத்தமா இருக்கு, ரன் மட்டும் ஆமை வேகம்.

உள்ள நடக்குறது இதுதான். ஒரே டைப் ஃபீல்டுகளை பாண்டாஸ் சேத்து ஒரே பிளாக்கா மெமரில வைக்கும், அதுதான் அதோட வேகத்துக்கு ஒரு காரணம். லூப்ல ஒண்ணொண்ணா சொருகும்போது ஒவ்வொண்ணும் தனி பிளாக்கா நிக்கும், 100 பிளாக் தாண்டுனா வார்னிங் வரும். சொருகும்போது பெருசா வலிக்காது, அப்புறம் அந்த டேபிளை வச்சு எதைச் செஞ்சாலும் துண்டு துண்டா மேயணும், அங்கதான் அடி. லூப் இருக்கட்டும், டேபிளை மட்டும் தொடாதீங்க: ஃபீல்டெல்லாம் ஒரு டிக்ஷனரில சேத்துக்கிட்டு கடைசில ஒரே ஒரு கான்கேட் (எல்லாத்தையும் ஒரேடியா ஒட்டுற கமாண்ட்). இத்தனைக்கும் இந்த வழியை அந்த வார்னிங்கே சொல்லுது, யாரும் முழுசா படிக்கிறதில்ல!

குறையும் இருக்கு. அதே வார்னிங் கடைசில "காப்பி போடு, சரியாகும்"னும் சொல்லுது, அதைப் பாத்துட்டு லூப்புக்குள்ளயே காப்பி போடுறவங்க இருக்காங்க, சுத்துக்கு ஒருதடவை மொத்த டேபிளும் நகல், கேக்கணுமா. இன்னொண்ணு, கத்த வேண்டிய இடத்துல கத்தாது. டேபிள்ல ரோ சேக்குற டேட்டாஃப்ரேம் அப்பெண்டை பாண்டாஸ் 2.0ல (2023) தூக்கிட்டாங்க, நல்ல காரியம், ஆனா பாதிப் பேரு அதே லூப்ல கான்கேட் போட்டுக்கிட்டாங்க. 10,000 ரோவை ஒண்ணொண்ணா சேத்தா ஒவ்வொரு தடவையும் பழசெல்லாம் திரும்ப காப்பி ஆகும், கூட்டிப் பாத்தா கிட்டத்தட்ட 5 கோடி ரோ காப்பி. இதுக்கு ஒரு முனகல்கூட கிடையாது. லிஸ்ட்ல சேத்து கடைசில ஒரே டேபிளா மாத்துனா முடிஞ்சது வேலை.

பைத்தான் கோடை பிரவுசர்ல எழுதி ஓட்டுற ஜுபைட்டர்லயும் இதே கதைதான், ரோவுக்கு ஒரு பிரிண்ட் போட்டு அவுட்புட் லிமிட் தாண்டிருச்சுன்னு வந்தா பிரிண்டை எடுக்க மாட்டாங்க, லிமிட்டை ஏத்துவாங்க.

பாண்டாஸ் டீமை ஒரு விஷயத்துல பாராட்டியே ஆகணும். செட்டிங் வித் காப்பி வார்னிங்னு வருஷக்கணக்கா எல்லாரையும் படுத்துன ஒண்ணு, நீங்க மாத்துறது ஒரிஜினல் டேபிளை இல்லாம அதோட நகலையா இருக்கலாம்னு சொல்றது, அதை ஆஃப் பண்ணா மாத்துன வேல்யூ டேபிள்ல ஏறாமலே போயிடலாம், ரொம்ப டேஞ்சர். அவங்க அதை அமுக்கல, காப்பி ஆன் ரைட்னு (மாத்தும்போது மட்டும் நகல் எடுக்குறது) உள்ள இருக்குற டிசைனையே மாத்தி 3.0ல அந்த குழப்பத்துக்கே இடமில்லாம பண்ணிட்டாங்க.

இதே வேலைக்கு இருக்குற இன்னொரு லைப்ரரி போலார்ஸ், அந்தப் பக்கம் போலாமான்னு கேப்பீங்க. ரஸ்ட்ல எழுதுனது, 2024ல 1.0 வந்துச்சு, பெரிய ஃபைல்னா கண்டிப்பா ட்ரை பண்ணுங்க. ஒரு லேம்டாவை (பேரில்லாத குட்டி பைத்தான் ஃபங்ஷன்) மேப் எலிமென்ட்ஸ்ல, அதாவது ஒவ்வொரு வேல்யூவுக்கும் தனித்தனியா ஓட்டுற கமாண்ட்ல, குடுத்துப் பாருங்க, ஸ்லோன்னு சொல்றதோட நிக்காது, முடிஞ்ச இடத்துல உங்க வரிக்கு மைனஸ் போட்டு, அதுக்குப் பதிலா எழுத வேண்டியதை பிளஸ் போட்டு காட்டும். வார்னிங்னா இப்படி இருக்கணும். ஆனா லூப் புத்தியோட அங்க போனா அங்கயும் ஸ்லோதான்.

பாண்டாஸுக்கு 5க்கு 4. அந்த ஒண்ணு காப்பி ஐடியா குடுத்ததுக்கு கட்.