பழைய லேப்டாப்ல ரெட்மைன்: நாலு மாசம் ஓட்டினதுக்கப்புறம் எழுதுறேன்

ரங்கூன்ல எங்களுக்கு சின்ன அச்சகம், ஆறு பேர் வேலை செய்றோம், கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கடை போர்டு, வருஷக் கடைசியில காலண்டர். முன்னாடி ஆர்டர் எல்லாம் வைபர் குரூப்லதான் ஓடும். நெட் போச்சுன்னா எது புரூஃப் (கஸ்டமர் சரி பாக்குற மாதிரிப் பிரதி) போயிருக்கு எதுக்கு பிளேட் (அச்சுத் தகடு) போட்டாச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. போன தீபாவளி சமயத்துல கஸ்டமர் வேணாம்னு சொன்ன பழைய டிசைன்லயே ஐநூறு பத்திரிகை அடிச்சுட்டோம், அவ்வளவும் பழைய பேப்பருக்குத்தான் போச்சு. எந்த வேலை எந்த நிலையில இருக்குன்னு பதிஞ்சு காட்டுற சாஃப்ட்வேர், நெட் இல்லேன்னாலும் கடைக்குள்ளயே ஓடுற ஒண்ணு வேணும்னு அன்னைக்கு முடிவு பண்ணேன்.

முதல்ல ஓப்பன்புராஜெக்ட்ங்கிற சாஃப்ட்வேர் பாத்தேன். பாக்க ரொம்ப அழகு, ஆனா அதுக்கு மட்டுமே 4 ஜிபி ராம் வேணுங்குது, எங்கிட்ட இருக்கிற லேப்டாப்ல மொத்தமே 8 ஜிபி, பில்லிங்கும் அதுலதான். அதான் அதே வேலையைச் செய்யுற ரெட்மைன் பக்கம் வந்தேன். 2006-ல இருந்து வந்துட்டிருக்கு, ஓப்பன் சோர்ஸ், காசு கிடையாது, ஓப்பன்புராஜெக்டே இதுலேருந்து பிரிஞ்சு வந்த வம்சம்தான்.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சுது, இந்த மெஷின் 11-ஐ ஏத்துக்காது, அதனால உபுண்டு 24.04 (லினக்ஸ்) போட்டுட்டேன். ரூபி (ரெட்மைன் எழுதின மொழி), டேட்டாபேஸ் எல்லாம் தனித்தனியா ஏத்தி மல்லுக்கட்ட வேண்டாம், டாக்கர்ல (சாஃப்ட்வேரை அதுக்கு வேண்டியது எல்லாத்தோடயும் ஒரு பெட்டிக்குள்ள ஓட்டுற கருவி, அந்தப் பெட்டிதான் கன்டெய்னர்) போட்டா ரெண்டு கன்டெய்னரோட வேலை முடிஞ்சுது. இங்க நெட்ல இமேஜ் (கன்டெய்னரை உருவாக்குற ஃபைல்) இறக்குறது பெரிய பாடு, பாதியில நின்னு நின்னு போச்சு. அப்புறம் நல்ல நெட் இருக்கிற ஒரு நண்பர் ஆபீஸ்ல ரெட்மைன், போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ்) ரெண்டு இமேஜையும் இறக்கி, டாக்கர் சேவ் போட்டு பென்டிரைவ்ல எடுத்துட்டு வந்து, கடையில டாக்கர் லோட் பண்ணேன், அஞ்சு நிமிஷம் ஆகல. இங்க இருக்கிறவங்க எல்லாரும் இப்படித்தான் செய்யணும், இந்த ஒரு விஷயத்துக்காகவே இதை எழுதுறேன்.

நான் மாட்டினது ரெண்டு இடத்துல. முதல் தடவை வால்யூம் (டேட்டாவை கன்டெய்னருக்கு வெளிய வைக்கிற இடம்) எதுவும் குடுக்காம சும்மா ஓட விட்டுப் பாத்தேன், டேட்டாபேஸ் தனியா குடுக்கலேன்னா அது எஸ்கியூலைட்ங்கிற சின்ன டேட்டாபேஸ்ல கன்டெய்னருக்குள்ளயே எழுதிக்குது, கன்டெய்னரை அழிச்சதும் மூணு நாள் பதிஞ்ச ஆர்டர் அத்தனையும் அதோட போச்சு. வயிறு எரிஞ்சுது. அடுத்து போஸ்ட்கிரெஸ் வச்சு கம்போஸ் ஃபைல் (எந்தக் கன்டெய்னர் எப்படி ஓடணும்னு சொல்ற ஃபைல்) எழுதி ஒரு தடவை ஓட்டிட்டு, டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் சின்னதா இருக்கேன்னு ஃபைல்ல மாத்தினேன், அன்னையிலிருந்து ரெட்மைன் எழும்பவே இல்ல, லாக்ல பாஸ்வேர்ட் தப்புன்னே வருது. ஒரு ராத்திரி முழுக்க உக்காந்து பாத்தப்புறம்தான் புரிஞ்சுது, அந்தப் பாஸ்வேர்டை போஸ்ட்கிரெஸ் முதல் தடவை டேட்டா ஃபோல்டர் உருவாக்கும்போது மட்டும்தான் எடுத்துக்குது, அப்புறம் ஃபைல்ல என்ன மாத்தினாலும் கண்டுக்காது. உள்ள டேட்டா இல்லேன்னா வால்யூமை அழிச்சுட்டு மறுபடி ஏத்துங்க, இருந்தா டேட்டாபேஸுக்குள்ள போய்தான் மாத்தணும்.

லேப்டாப்ல வச்சதுக்குக் காரணம் கரண்ட். கரண்ட் போனாலும் பேட்டரியில ஓடும், ரவுட்டர் இன்வெர்ட்டர்ல இருக்கு, பசங்க போன்ல வைஃபை வழியா லேப்டாப் ஐபி போட்டு 3000 போர்ட்டுக்கு வந்துடுவாங்க. ஆனா மூடியை மூடினா உபுண்டு தூங்கிடும், லாகின்டி கான்ஃப் (logind.conf) ஃபைல்ல மூடி சம்பந்தப்பட்ட வரியை (HandleLidSwitch) இக்னோர்னு மாத்தணும், பவர் செட்டிங்ல தானா தூங்குறதையும் நிறுத்தணும். ரவுட்டர்ல லேப்டாப்புக்கு ஒரே ஐபி கிடைக்கிற மாதிரி கட்டிப் போடுங்க, இல்லேன்னா ரவுட்டர் அணைஞ்சு எழும்பினா அட்ரஸ் மாறிடலாம், எல்லாரும் உங்களைத்தான் கேப்பாங்க. மெஷின் மறுபடி எழும்பும்போது ரெட்மைனும் தானா எழும்ப, கம்போஸ்ல ரீஸ்டார்ட் ஆல்வேஸ் மறக்காதீங்க.

முதல் லாகின் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின்தான், உள்ள போனதும் மாத்தச் சொல்லும். டிஃபால்ட் கான்ஃபிகரேஷனை ஏத்தினா ட்ராக்கர்ல, அதாவது வேலை வகையில, பக், ஃபீச்சர், சப்போர்ட்னு சாஃப்ட்வேர்காரங்க பேர்தான் இருக்கும், நான் பத்திரிகை, போர்டு, காலண்டர்னு மாத்திட்டேன். வேலை ஒவ்வொண்ணும் புரூஃப், பிளேட், பிரஸ், பைண்டிங்னு நகரும், யார் எந்த நிலைக்கு மாத்தலாம்னு வொர்க்ஃப்ளோல கட்டலாம், இதுதான் எனக்கு உயிர். பிளேட்டுக்குப் போற அனுமதி இப்போ எங்க அண்ணிக்கு மட்டும்தான், கஸ்டமர் கையெழுத்துப் போட்ட புரூஃப் போட்டோ இல்லாம அவங்க நகர்த்த மாட்டாங்க.

ஒரே டிக்கெட்ல (ஒரு வேலையோட பதிவு) தமிழும் பர்மாவும் சுத்தமா வருது. பழைய கஸ்டமர் அனுப்புற ஜவ்ஜி (பழைய பர்மா ஃபான்ட் முறை) எழுத்தை அப்படியே ஒட்டினா மட்டும் கொத்துக் கொத்தா உடையும், அது ரெட்மைன் குத்தம் இல்ல, 2019-லயே நாடு யூனிகோடுக்கு மாறியாச்சு, மாத்திட்டு ஒட்டுங்க.

குறைன்னா முகம் பழசு, போன்ல பட்டன் எல்லாம் பொடிசு. மெயில் சர்வர் வைக்கலேன்னா அறிவிப்பு வராது, எங்க பசங்க காலையில வந்ததும் திறந்து பாத்துக்கிறாங்க. பேக்கப்புக்கு டேட்டாபேஸ் டம்ப் (டேட்டாபேஸோட பிரதி) மட்டும் போதாது, ஃபைல்ஸ் ஃபோல்டரும் சேத்து எடுக்கணும், புரூஃப் போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை ராத்திரி ரெண்டையும் பென்டிரைவ்ல எடுத்து வீட்டுக்குக் கொண்டு போயிடுறேன்.

போன வாரம் ரெண்டு நாள் நெட் சுத்தமா இல்ல. பைண்டிங் பையன் வழக்கம்போல போன்லயே மூணு வேலையை முடிச்சதா மாத்திட்டு டெலிவரிக்கு வண்டி எடுத்துட்டுப் போயிட்டான், எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.