புதன்மேல் யார் பார்வை? ராசிக் கணக்கும் பாகைக் கணக்கும்

ஒருவர் எப்படிப் பேசுவார் என்று ஜாதகத்தில் பார்க்க, நம் முறையும் சரி, மேலைநாட்டு முறையும் சரி, முதலில் தேடுவது புதனைத்தான். அந்தப் புதனை யார் தொடுகிறார் என்று கேட்கும்போது இரண்டும் பிரிகின்றன. (ஜோதிடமே பொய் என்பவர்களோடு இங்கே வழக்கில்லை; இரண்டு கணக்கும் எங்கே மோதுகின்றன என்பதுதான் விஷயம்.)

நம் முறை ராசியை எண்ணும். தான் இருக்கும் ராசியை ஒன்று என்று வைத்து எண்ணினால், எல்லாக் கிரகமும் ஏழாவது ராசியைப் பார்க்கும்; அதுதான் ஏழாம் பார்வை. அதோடு செவ்வாய்க்கு 4, 8, குருவுக்கு 5, 9, சனிக்கு 3, 10. மேலை முறை இரண்டு கிரகங்களுக்கு இடையிலான பாகையை அளக்கும் (ஒரு ராசிக்கு 30 பாகை): 60 செக்ஸ்டைல், 90 ஸ்கொயர், 120 ட்ரைன், 180 எதிர்நிலை, சில பாகை முன்பின்.

குரு விஷயத்தில் சண்டையே இல்லை. 5, 9 பார்வையும் ட்ரைனும் ஏறக்குறைய ஒன்றுதான். நிதானமான, விளக்கிச் சொல்லும் பேச்சு, கொஞ்சம் உபதேச வாடையோடு. செவ்வாயின் நான்காம் பார்வையும் ஸ்கொயரும் அப்படியே: யோசிப்பதற்குள் வாய் முந்திவிடும்.

சனியில்தான் வேடிக்கை. புதன் மிதுனத்தில், சனி மேஷத்தில் என்று வையுங்கள். நம்மவர்கள் மூன்றாம் பார்வை என்பார்கள்: தயக்கம், அளந்த வார்த்தை, சமயத்தில் கடுமை. மேலை முறைக்கு அது செக்ஸ்டைல்: கோர்வையான, திட்டமிட்ட பேச்சு, நல்ல அமைப்பு. இப்போது சனியை மீனத்துக்கு மாற்றுங்கள். அங்கே ஸ்கொயர், தன் சொல்மேலேயே சந்தேகப்படும் ஆள். இங்கே மீனத்துக்கு மிதுனம் நாலாமிடம், சனிக்குப் பார்வையே கிடையாது! கன்னியில் வைத்தால் மறுபடி ஸ்கொயர், ஆனால் இப்போது பத்தாம் பார்வையும் விழுகிறது. அதே 90 பாகை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது நமக்கு முக்கியம். இன்றைய மேலை ஜோதிடர்கள் பெரும்பாலும் அதைக் கண்டுகொள்வதில்லை.

ராசிக் கணக்கில் ஓட்டை இல்லாமல் இல்லை. சனி மேஷம் 29 பாகை, புதன் மிதுனம் 1 பாகை என்றால் இடைவெளி வெறும் 32. எண்ணிப் பார்த்தால் அதுவும் மூன்றாம் பார்வைதான். இங்கே நான் பாகைக் கட்சி.

அப்புறம், சூரியனைவிட்டுப் புதன் சுமார் 28 பாகைக்கு மேல் விலகுவதில்லை. யாராவது சூரியன்-புதன் ஸ்கொயருக்குப் பலன் சொன்னால், அவர் சொன்ன மற்றதையும் மறந்துவிடலாம்.

வாக்கு ஸ்தானமான, லக்னத்துக்கு இரண்டாமிடம் வரும்போது நம் முறைக்கே மதிப்பெண். காலி வீட்டின்மேலும் பார்வை விழும், பலன் சொல்ல வழியிருக்கும். மேலை முறையில் கோணம் கிரகங்களுக்கும் லக்னம் போன்ற புள்ளிகளுக்கும்தான்.

ஆகவே இரண்டாமிடத்துக்கு ராசி, புதனுக்குப் பாகை என்று பிரித்துக்கொண்டேன். சனியின் 60 பாகையில் மட்டும் இன்னும் நம்மவர்கள் பக்கம்தான். செக்ஸ்டைல் என்று பேர் வைத்துவிட்டால் சனி கலகலப்பாகிவிடுவார் என்று எனக்குத் தோன்றவில்லை.